‘ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்’: சமவாய்ப்பு ஒப்பீட்டாய்வு

மூட்டுவாதவியல் பயிலும் இளம் மருத்துவர்களின் வாயில் ‘ஆர்.சி.டி.’ நாள்தோறும் புழங்குகிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிவுகளாக்கி, ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ‘ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்’ என்ற ஆய்வின் சுருக்கம் அது. அதன் விரிவைத் தமிழில் ‘கட்டுப்படுத்தப்பட்ட சோதனை’ என்று எழுதிவிடுகிறார்கள். யாரை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? இந்தத் தமிழாக்கம் படிப்பவரைத் திசைதிருப்புகிறது.

‘கன்ட்ரோல்’ கணக்கர்களிடமிருந்து வந்த சொல். இடைக்கால லத்தீனில் ‘கான்ட்ராரொட்டுலுஸ்’ என்றால் எதிர்ச்சுருள். அதாவது, கணக்குச் சுருளைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாம் பிரதி. பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வேர்ப்பொருள். அதிகாரம் என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆகவே இங்கே ‘ஒப்பீடு’ என்பதே பொருந்தும்.

எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட்டம் குன்றிப்போயிருந்த ஒரு பெண்ணுக்கு மருத்துவர் ஃபிலிப் ஹென்ச்சின் குழுவினர் பின்னர் ‘கார்டிசோன்’ என்று பெயர் பெற்ற மருந்தை ஊசியாகக் கொடுத்தார்கள். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் வந்தது. ஆனால் பிரிட்டனில் நோயின் தொடக்கநிலையில் இருந்த 61 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு கார்டிசோனும் மறுபிரிவுக்கு ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்தார்கள். 1954-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓராண்டு முடிவில் இரு பிரிவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. எழுந்து நடந்தது பொய்யல்ல. பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே எதிர்ச்சுருள் இல்லை.

‘ரேண்டம்’ பழைய பிரெஞ்சின் ‘ராண்டோன்’ என்பதிலிருந்து வந்தது. தலைதெறிக்கும் ஓட்டம் என்று பொருள்; குறியில்லாமல் என்பது பிறகு வந்தது. இலங்கையில் இதை ‘எழுமாற்று’ என்பார்கள். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் ‘சமவாய்ப்பு’ என்கின்றன. எனக்குப் பிடித்தது பின்னதுதான், ஓர் எச்சரிக்கையோடு: மருந்துக்கு இருவர், ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்துச் சத்தில்லாத போலி மருந்துக்கு ஒருவர் என்ற விகிதத்திலும் ஆய்வுகள் நடக்கின்றன. அங்கே பிரிவுகளின் அளவு சமமல்ல. எந்தப் பிரிவில் விழுவோம் என்ற வாய்ப்புதான் நோயாளிகள் எல்லோருக்கும் ஒன்று.

யாருக்கு எந்தப் பிரிவு என்ற சீட்டை மூடிய உறைகளில் வைப்பதுண்டு. அடுத்த உறைக்குள் எந்த மருந்து என்று மருத்துவருக்குத் தெரிந்துவிட்டால் அந்த வாய்ப்பு கெட்டுவிடும். விரல் மூட்டெல்லாம் வீங்கி வந்து நிற்பவரைப் போலி மருந்துப் பக்கம் அனுப்ப மனம் வராது. ‘நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்லத் தோன்றும். ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் ஆளெடுப்பதைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இதை அறிந்திருந்தது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் நான் முதலில் தேடுவது அந்த விரித்த கையைத்தான். ‘ரேண்டமைஸ்டு’ என்ற சொல் மட்டும் இருந்து, உறையை வைத்திருந்தவர் யார் என்று எழுதாவிட்டால், முடிவுகளுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடுவேன்.