குறிநோக்கி: ரைபிளில் பூட்டுவது ‘நோக்கம்’ அல்ல

ரைபிளின் மேல் பூட்டிக் குறி பார்க்கும் குழாயை ஆங்கிலத்தில் ‘ஸ்கோப்’ என்பார்கள். அதைத் தமிழாக்கி, ‘பழைய ரைபிள் நோக்கங்களின் தரமும் பெறுமதியும்’ என்று எழுதுகிறார்கள். ரைபிளுக்கு ஏது நோக்கம்? சுடுகிறவனுக்கல்லவா நோக்கம்! மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்பியதை ஒருமுறைகூட வாசித்துப் பார்க்காமல் போடுவதன் விளைவு இது.

கிரேக்கத்தில் ‘ஸ்கோப்பொஸ்’ என்றால் கவனித்துப் பார்ப்பவன். எய்யும் குறிக்கும் அதே சொல்தான். எல்லை, வாய்ப்பு என்று பொருள்தரும் ஆங்கில ‘ஸ்கோப்’ இத்தாலியம் வழியாக வந்தது. ‘டெலஸ்கோப்’ 1611இல் கட்டிய சொல். பூர்வீகம் அவ்வளவுதான்.

‘நோக்கங்க’ளைச் சிரித்துவிட்டு விடலாம். வேறு சிலர் எழுதும் ‘தொலைநோக்கி’யை அப்படி விட முடியாது, ஏனென்றால் அது சரிபோலத் தோன்றுகிறது. தூரத்தைக் கிட்டக் காட்டுவது இந்தக் குழாயின் பாதி வேலைகூட இல்லை. வெறும் துவக்கில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் கண் ஒரே நேர்கோட்டில் பிடிக்க வேண்டும். ஸ்கோப் இலக்கையும், குழாய்க்குள் தெரியும் குறுக்குக் கோடான குறியிழையையும் ஒரே தளத்தில் காட்டுகிறது. கோணம் அளக்கும் தியோடலைட்டுக்குள் இருப்பதும் தொலைநோக்கிதான். தியத்தலாவையில் நில அளவை படிக்கிறவர் எவராவது அதைத் தொலைநோக்கி என்று மட்டும் சொல்வாரா?

சொல் பிழைத்தால் சோதனையும் பிழைக்கும். தொலைநோக்கி என்று நினைத்து வாங்குகிறவர் எதிர்மலைத் தேயிலையைப் பார்த்து, ‘தெளிவாக இருக்கிறது’ என்று காசைக் கொடுத்துவிடுவார். குறி நிற்கிறதா என்று பார்க்கமாட்டார். அட்டைப்பெட்டியின் இரு பக்கமும் ‘வி’ வடிவில் வெட்டி, குழாயை அதில் கிடத்தி, தூரத்துப் புள்ளி ஒன்றில் குறியிழையை வையுங்கள். குறி திருத்தும் திருகியை 20 சொடுக்கு வலப்பக்கம் திருப்பி, மீண்டும் 20 இடப்பக்கம் திருப்புங்கள். இழை பழைய புள்ளிக்கே வரவேண்டும். கால் நிமிடச் சொடுக்கு (ஒரு நிமிடம் என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஒன்று 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். நாலு சொடுக்கு ஏமாற்றினால் கிட்டத்தட்ட 3 சென்ரிமீட்டர் போய்விடும். பிறகு குழாயைத் தொடாமல் தலையை மட்டும் அசையுங்கள். இழை இலக்கின்மேல் வழுக்கினால் அந்தத் தூரத்துக்கு இடமாறு, அதாவது ‘பரலக்ஸ்’, சரியில்லை. குறியிழை மூலையில் ஒதுங்கியிருப்பதைக் கண்டு பழுதென்று தள்ளவும் வேண்டாம். பழைய பலவற்றில் திருகி இழையையே நகர்த்தும். குழாயை ரைபிளில் பிடிக்கும் வளையம் கோணலாகப் பூட்டியிருந்ததால் இழையை ஒதுக்கியிருக்கலாம். வளையமென்றால் அளவும் முக்கியம்: 26 மில்லிமீட்டர் ஜெர்மன் குழாயை 25.4 மில்லிமீட்டர் வளையத்தில் இறுக்கினால் நசுங்கும்.

கண்ணாடியையும் பார்க்கத்தான் வேண்டும். ஒளித்தெறிப்பைக் குறைக்கும் பூச்சுக்கு சைஸ் நிறுவனம் காப்புரிமை எடுத்தது 1935இல். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 வீத ஒளியைத் தின்னும். எட்டுப் பரப்பென்றால் கால்வாசிக்கு மேல் போச்சு. நுவரெலியாப் பனிமூட்டத்தில், அந்தி நேரத்தில், அது பெரிய இழப்பு. வில்லைகளை ஒட்டிய கனடா பால்சம் என்ற மரப்பிசின் விளிம்பில் மஞ்சளித்தாலோ வானவில் காட்டினாலோ ஒட்டு விட்டுப்போகிறது. பங்களா அலமாரியில் தோலுறையோடு கிடந்ததென்றால் பூஞ்சணத்தைத் தேடுங்கள்: முன்வில்லையில் டோர்ச்சைச் சரித்து அடித்தால் சிலந்திவலைபோலத் தெரியும். அது கண்ணாடியை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. குறியிழையின் ஆங்கிலப் பெயரான ‘கிராஸ்ஹெயர்’ஐ ‘குறுக்கு முடி’ என்று மொழிபெயர்க்கிறவர்கள் ஒருவேளை இதைத்தான் பார்த்தார்களோ!

சரி, தமிழில் என்ன சொல்வது? நுணுக்குக்காட்டி வழியில் ‘குறிகாட்டி’ என்கிறார்கள் சிலர். அந்தச் சொல்லைப் பொருளியலார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ‘குறிநோக்கி’ போதும்: குறி பார்ப்பது, குறி தப்புவது எல்லாம் நம் வாயில் உள்ளதுதான், கிரேக்கச் சொல்லின் இரண்டு பொருளும் அதில் அடங்கும். அது பிடிக்காவிட்டால் ‘ஸ்கோப்’ என்றே எழுதுங்கள். பிழையான தமிழைவிட அது மேல்.

இன்னொரு தொல்லை, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற விளம்பரச் சொல். பழைய இராணுவக் குறிநோக்கிக்கு அது புகழ்ச்சியல்ல. பிரித்தானிய இராணுவத்தின் ‘நம்பர் 32’ குறிநோக்கியின் தொடரிலக்கம், அது பூட்டியிருந்த லீ என்ஃபீல்ட் ரைபிளின் கட்டையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் சேகரிப்பவர் நல்ல விலை கொடுப்பார். மினுக்கிப் புதுச் சாயம் ஏற்றினால் அந்த விலை விழும்.