‘அப்டேட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அப்டேட் என்ற ஒரே சொல் இன்று தமிழில் ஐந்தாறு வேலைகளைப் பார்க்கிறது. கைப்பேசித் திரையில் “இப்போதா, பிறகா” என்று கேட்டு நிற்கும் அறிவிப்பு அப்டேட். கணினி தானாக அணைந்து, சதவீதம் காட்டிக்கொண்டே நம்மைக் காக்க வைப்பதும் அப்டேட். வங்கி இயந்திரத்தில் பாஸ்புத்தகத்தை நுழைத்து வரி பதிந்து வாங்குவதும், ஆதாரில் முகவரி மாற்றுவதும், படம் எப்போது வெளிவரும் என்று ரசிகர்கள் கேட்பதும் அப்டேட்தான். காரைக்குடி ஜெராக்ஸ் கடைப் பலகைகளில் ஆதாருக்கும் பான் அட்டைக்கும் பக்கத்தில் இந்தச் சொல் நிலையாகக் குடியேறிவிட்டது.

வேற்றுமொழிச் சொல் வருவதில் எனக்குப் பகை இல்லை. வந்த சொல் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பொருள்களை ஒன்றாகக் கட்டிவைப்பதுதான் தொல்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒன்றிரண்டு பேராக வாழும் முதியவர்கள் செட்டிநாட்டு ஊர்களில் பலர். பேரப்பிள்ளையின் முகம் பார்ப்பதிலிருந்து மின்கட்டணம் கட்டுவதுவரை அவர்களுக்கு எல்லாம் கைப்பேசி வழியேதான். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி என்னிடம் கேட்டார்: “தம்பி, இது நாள்தோறும் அப்டேட் என்று கேட்கிறது. சரியென்று அழுத்தினால் நல்லதா, கெட்டதா?” “எந்த அப்டேட் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் ஆச்சி” என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. அவரால் அதைப் பார்த்தறிய முடியாததற்குக் காரணம் கல்விக்குறைவு அன்று. திரை எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘அப் டு டேட்’ என்ற தொடர் 19ஆம் நூற்றாண்டில் கணக்கெழுதுவோர் வழக்கிலிருந்து பரவியிருக்க வேண்டும் என்பது சொல்லாய்வாளர் கருத்து. ஏட்டில் பதிவு எந்தத் தேதிவரை ஏறியிருக்கிறது என்பதே அதன் பொருள். அதைச் சுருக்கி வினையாக்கிய ‘அப்டேட்’ 20ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. டேட் என்பதன் வேர் லத்தீன். உரோமர் தம் கடிதங்களில் இன்ன ஊரில் இன்ன நாளில் ‘கொடுக்கப்பட்டது’ என்று எழுதும் வழக்கம் உண்டு. கொடுக்கப்பட்டது என்ற அந்தச் சொல்லே பிறகு நாளைக் குறிக்கலாயிற்று. டேட்டாவும் அதே வேரில் பிறந்ததுதான். அதற்கு நாம் தா என்னும் வினையடியிலிருந்து ‘தரவு’ என்று சொல் அமைத்துக்கொண்டது மிகப் பொருத்தமான ஆக்கம்.

கணக்கில் பிறந்த சொல்லென்றால் அதன் பொருள் செட்டிநாட்டுக்குப் பழகியதுதான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரின் கடைகளில், குறிப்பில் எழுதியதைப் பேரேட்டுக்கு ஏற்றி, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு எடுப்பது அன்றாட ஒழுக்கம். முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் போய்வந்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் முதலாளிக்கு, கையிலுள்ள கணக்கு எந்த நாள்வரைக்குமானது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். தமிழ் அலுவலகக் கோப்புகளில் இன்றும் வழங்கும் ‘நாளதுவரை’ என்ற சொல் இந்தப் பொருளைத் துல்லியமாகத் தருகிறது. “பாஸ்புத்தகத்தில் நாளதுவரை பதிந்து கொடுங்கள்” என்று வங்கியில் கேட்டால் எந்த எழுத்தருக்கும் விளங்கும். கணக்கு, பதிவேடு, முகவரி ஆகியவற்றுக்கு இதற்குமேல் புதுச்சொல் தேடத் தேவையில்லை.

மென்பொருளுக்கு வருவோம். இங்கே ‘இற்றைப்படுத்தல்’ என்ற சொல்லை நான் முதலில் வைப்பேன். இலங்கைத் தமிழில் இது நன்றாக ஊன்றிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் புழங்குகிறது. பண்டு என்பது பண்டை ஆவதுபோல, அன்று அற்றை ஆகும், இன்று இற்றை ஆகும். நன்னூல் இதற்கு விதியே சொல்கிறது. பாரியை இழந்த பின் அவன் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டு ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கி ‘இற்றைத் திங்கள்’ என்று திரும்புகிறது. அந்தப் பாரியின் பறம்புமலை நமக்குத் தொலைவில்லை. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாகச் சிங்கம்புணரிப் பக்கம் போனால் வரும் பிரான்மலைதான் அது என்பார்கள். இந்த வட்டாரத்து மலையைப் பற்றிய பாட்டில் ஏறியிருக்கும் சொல்லை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அயற்சொல்போலப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. “துணி இற்றுப்போயிற்று”, “உத்தரம் இற்றுவிட்டது” என்று நாம் பேசுகிறோம். அதனால் இற்றை என்றதும் நைந்துபோன நினைப்பு சிலர் காதில் விழுகிறது. ஆயினும் இறு என்னும் வினை வேறு, இன்று என்னும் காலப்பெயர் வேறு. நான்கு முறை கேட்டால் காது பிரித்தறிந்துகொள்ளும்.

தமிழ்ப்படுத்தப்பட்ட கைப்பேசிகளிலும் கணினிகளிலும் பரவலாகக் காணப்படுவது ‘புதுப்பிப்பு’. எளிய சொல், உடனே விளங்குகிறது. ஆனால் நாம் புதுப்பிப்பது எவற்றை? ஓட்டுநர் உரிமத்தை, காப்பீட்டை, சந்தாவை. அங்கெல்லாம் காலம் முடிந்ததும் பணம் கட்டிப் புதுப்பிக்கிறோம். வைரஸ் தடுப்பு மென்பொருள் “புதுப்பிக்கவும்” என்றால், அது பணம் கேட்கிறதா, இலவசத் திருத்தம் தருகிறதா? ஆச்சிக்கு மட்டுமன்றி எனக்கும் அந்த இடத்தில் தயக்கம் வருகிறது. புதுப்பித்தலைக் கட்டணம் சார்ந்த இடத்துக்கு விட்டுவிடலாம்.

அடுத்தது, மென்பொருளில் உள்ள குறையைத் திருத்த வரும் ‘பேட்ச்’. அட்டையிலும் காகித நாடாவிலும் துளையிட்டு நிரல் எழுதிய காலத்தில், தவறான துளையின்மேல் காகிதத் துண்டை ஒட்டித் திருத்தினார்கள். அந்த ஒட்டுதான் பேட்ச் ஆயிற்று. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது நம் வழக்கு என்பதால் ‘ஒட்டு’ என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. பாதுகாப்புக் குறையை அடைக்க வருவதைப் ‘பாதுகாப்பு ஒட்டு’ என்று சொல்லலாம்.

இந்த ஒட்டுகளைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு 2017 நல்ல சான்று. அந்த ஆண்டு மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்னும் பணயத்தீநிரல் (கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய நிரல்) ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கான ஒட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒட்டு பிசகுவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயண அட்டையைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

மைக்ரோசாப்ட் தன் மாதாந்திர ஒட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடுகிறது. 2003 முதல் இதுவே வழக்கம். அமெரிக்கக் காலை நமக்குச் செவ்வாய் இரவு என்பதால், காரைக்குடியில் புதன் காலை கடை திறந்து கணினியைப் போடுபவருக்குத்தான் அது கண்ணில் படும். வாடிக்கையாளர் எதிரே நிற்க, “கணினியை அணைக்க வேண்டாம்” என்று திரை சொல்ல, அந்த நேரம் பார்த்து மின்தடை வந்தால் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

மூன்றாவது ‘அப்கிரேட்’. கிரேட் என்பதன் லத்தீன் மூலத்துக்குப் படி என்று பொருள். இதை ‘மேம்படுத்தல்’ என்கிறோம். விண்டோஸ் 10இலிருந்து 11க்குப் போவது போன்ற முழு மாற்றத்துக்குப் ‘பதிப்பு மாற்றம்’ என்பது இன்னும் நேர்மையான பெயர் என்று கருதுகிறேன். மாறியது மேம்பட்டதா என்பதை வைத்திருப்பவர்தானே சொல்ல வேண்டும்? மழைக்கு முன்னால் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், உடைந்த ஓடுகளை மாற்றுவது வேறு, முகப்பை இடித்து வேறு திசையில் வாசல் வைப்பது வேறு. முதலாவதற்கு வீட்டுக்காரரைக் கேட்காமல் ஆள் வந்தாலும் பொறுக்கலாம். இரண்டாவதற்கு அவர் ஒப்புதல் வேண்டும். ஆனால் திரையில் வரும் பொத்தான்களோ பெரும்பாலும் ‘இப்போது’, ‘பிறகு’ என்ற இரண்டுதான். ‘வேண்டாம்’ என்ற பொத்தானைக் காணோம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடாது. பாதுகாப்பு ஒட்டுகள் வழக்கம்போல் வாரா, அவ்வளவுதான். வீட்டுப் பயனருக்கு ஒட்டுகள் மட்டும் ஓராண்டு நீட்டிப்பாகக் கிடைக்க வழி செய்யப்பட்டது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் உள்ள செயலிச் சில்லும் வேண்டும். நன்றாக ஓடும் பழைய கணினிகள் பல இந்த இடத்தில் தகுதியிழக்கின்றன.

நம் பக்கத்து அச்சகங்களில் இது வெறும் பேச்சாக இல்லை. கல்யாணப் பத்திரிகையும் சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) அழைப்பும் அடிக்கும் கடைகளில், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களோடு, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்து வைத்த பழைய கோப்புகள் குவிந்திருக்கும். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். இயங்குதளம் மாறினால் மென்பொருள் திறக்காமல் போகலாம். திறந்தாலும் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக நிற்கலாம். அதனால் பழைய கணினி ஒன்றை இணையத்தோடு இணைக்காமல் மூலையில் காப்பாற்றி வைக்கிறார்கள். அதைப் பிற்போக்கு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது தொழிலறிந்தவர்களின் விவேகம்.

அப்டேட் என்ற சொல்லின் குழப்பத்தைக் கொடிய வழியில் பயன்படுத்துகிறவர்கள் மோசடிக்காரர்கள். “உங்கள் கேஒய்சி அப்டேட் ஆகவில்லை, கணக்கு இன்று முடக்கப்படும்” என்று குறுஞ்செய்தி வரும்; கூடவே ஓர் இணைப்போ, செயலியை நிறுவும் ஏபிகே கோப்போ வரும். அழுத்தினால் பணம் போகும். ரிசர்வ் வங்கி இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. நாள்தோறும் அப்டேட் கேட்டுப் பழகிய கைப்பேசியில் இதுவும் அப்படியொன்றாகத் தோன்றுவது இயல்பு. கேஒய்சி என்பது வாடிக்கையாளர் விவரப் பதிவு. அதைச் சரிபார்க்க வங்கிக் கிளைக்குப் போகலாம், அல்லது வங்கியின் சொந்தச் செயலியைத் திறக்கலாம். கைப்பேசியின் இற்றைப்படுத்தலோ அமைப்புகள் பகுதியிலும் செயலிக் கடையிலும் மட்டுமே செய்ய வேண்டியது. குறுஞ்செய்தியில் ஒருபோதும் வராது. ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

கடைசியாக, செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கும் ‘ரோல்பேக்’. இதற்கு ‘முன்னிலைக்குத் திருப்புதல்’ என்று சொல்லலாம். விண்டோஸ் மாத ஒட்டு தொல்லை கொடுத்தால், புதுப்பிப்பு வரலாற்றுப் பக்கத்தில் அதை நீக்கும் வழி பெரும்பாலும் இருக்கும். பதிப்பு மாற்றம் செய்தவர்களுக்கு வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மீட்புப் பகுதியில் போய்ப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதன் பிறகு பழைய பதிப்பின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். கைப்பேசிகளில் சாதாரணப் பயனருக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. எனவே கைப்பேசியில் பதிப்பு மாற்றம் என்று வந்தால், படங்களையும் தொடர்பு எண்களையும் படியெடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகள் ஊருக்கு வரும்போது செய்துகொள்ளலாம். பாதுகாப்பு ஒட்டு என்று வந்தால் அன்றிரவே மின்னேற்றியில் போட்டுச் செய்துவிடலாம்.