ஈரம் இல்லாத குளிர் பலிக்காது

ஜென்ஷியன் என்ற உயர்மலைப் பூச்செடியின் விதைப் பொட்டலத்தை மூன்று மாதம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, பிறகு விதைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லையா? விதை கெட்டுப்போயிருக்காது. காய்ந்த விதைக்குக் குளிர் என்பது வெறும் சேமிப்புக் கிடங்கு; தண்ணீர் குடித்து ஊறிய விதைக்குத்தான் அது உறைக்கும்.

மரங்கள் வளராத உயரத்தில் கோடை இரண்டு, மூன்று மாதம்தான். இலையுதிர்காலத்தில் விழும் விதை அப்போதே முளைத்தால், நாற்று பனியில் மடிந்துவிடும். அதனால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் விதைக்குள் இருக்கும் கருவை உறங்க வைத்திருக்கிறது. ஈரத்தோடு 1 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிர் பல வாரங்கள் நீடித்தால் அதன் பிடி தளரும். முளைப்பைத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனின் கை ஓங்கும். உறைவிப்பான் இதற்கு உதவாது. உறைந்த நிலையில் இந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுபோகும்.

சலித்த இலைமக்கு ஒரு பங்கு, 2 முதல் 4 மி.மீ. பருமணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு கலந்து தொட்டியை நிரப்புங்கள். தொழு உரம் வேண்டாம். கொழுத்த மண்ணில் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். ஜென்ஷியன், பிரிமுலா, சாக்ஸிஃப்ரேஜ் விதைகள் மிகச் சிறியவை, வெளிச்சமும் கேட்பவை. மண்ணால் மூடாமல் மேலே தூவி, விதை மறைந்தும் மறையாமலும் இருக்கும்படி மெல்லிய பருமணல் தூவினால் போதும். பாசி படர்வதையும் அது தடுக்கும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஊறவிட்டு, நன்றாக வடிந்தபின் பிளாஸ்டிக் பையில் இட்டு, 4 டிகிரியில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். சொதசொதவென்று இருந்தால் மண்ணில் காற்று இருக்காது, விதை அழுகும். வாரம் ஒருமுறை பாருங்கள். வெள்ளை முளைவேர் தெரிந்தால் அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

சொதப்பல் பெரும்பாலும் இதற்கு அடுத்த கட்டத்தில்தான். குளிரிலிருந்து எடுத்த தொட்டியை நேராக வெயில் சுடும் ஜன்னலில் வைத்தால், சில விதைகள் மீண்டும் உறக்கத்துக்குப் போய்விடும். 10 முதல் 15 டிகிரி இதமானது. நாற்றின் தண்டு மண்மட்டத்தில் கறுத்துச் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமான விதைப்பும் காற்றோட்டமின்மையும் அதற்கு வழிவிடும்.

எல்லா விதைக்கும் இந்தப் பாடு தேவையில்லை. எடல்வைஸ் பெரும்பாலும் குளிர் இல்லாமலே முளைக்கும். லூபினுக்குத் தடை அதன் கெட்டித் தோல்தான். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்தால் சரி. பல்சட்டில்லாவைப் பறித்த கையோடு விதைப்பதே மேல். ஜிப்பரெல்லிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் குளிர்காலத்தையே தாண்டுவோரும் உண்டு. அளவு மிஞ்சினால் நாற்று வெளிறி, நூல்போல நீண்டுவிடும். அவசரம் இல்லையென்றால் குளிரே நம்பகமானது.

முதலில் விரியும் விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மை இலைகள் வந்ததும், ஆழமான தொட்டிக்கு மாற்றுங்கள். பல செடிகள் மேலே விரற்கடை உயரம்கூட இல்லாதபோதே கீழே நீண்ட ஆணிவேர் விட்டிருக்கும். முளைக்காத தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாவது குளிர்காலம் கடந்த பிறகே விழிக்கும் விதைகளும் அதில் இருக்கலாம்.