கைக்குழந்தைக்கு பாஸ்போர்ட் போட்டோ: 'கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடுங்க' என்று சொல்லாதீர்கள்

போன வாரம் குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் பாட்டியும் ஐந்து மாதப் பிள்ளையோடு எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அப்பாயின்ட்மென்ட் அன்று பஸ் ஏறிப் போனவர்களிடம், இந்தப் போட்டோ ஆகாது, வேறு கொண்டு வாருங்கள் என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்களாம். வாங்கிப் பார்த்தேன். போனில் எடுத்து, ஏதோ ஆப்பில் பின்னணியை வெள்ளையாக்கிய படம். இடது காதின் மேல்விளிம்பைக் காணோம். பூனைமுடி போல மெல்லிசாக இருக்க வேண்டிய தலைமுடி நேர்கோடாக முடிகிறது. கன்னத்தில் வைத்த மைப்பொட்டை அழித்த இடம் திட்டாகத் தெரிகிறது.

களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு. பாறசாலைப் பக்கமிருந்தும் கைக்குழந்தையோடு வருகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சும்மா ஒண்ணு எடுங்க, மிச்சத்தைக் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ள முடியாது. பெரியவர்கள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ கொண்டு போக வேண்டியதில்லை, பாஸ்போர்ட் அலுவலகமான சேவா கேந்திரத்திலேயே எடுத்துவிடுவார்கள். நான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத்தான் 4.5 x 3.5 செ.மீ. அளவில், வெள்ளைப் பின்னணியில், கலர் போட்டோ நாம் கொண்டு போக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஏறப்போவது அந்தப் படம்தான். ஐந்து வருடம் அதுதான் பிள்ளையின் அடையாளம்.

"வளர்ற பிள்ளை, எப்படியும் முகம் மாறத்தானே போகுது?" என்று கேட்கிறார்கள். மாறும். கன்னம் வற்றும், முடி அடரும். ஆனால் காதின் அமைப்பும் மச்சமும் அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை. அதைத்தான் ஆப் தின்றுவிடுகிறது. இப்போது மூடிய கண்ணைத் திறந்து காட்டும் ஆப்களும் வந்துவிட்டன. அந்தக் கண் உங்கள் பிள்ளையுடையது அல்ல, இயந்திரம் வரைந்தது. அதை விமான நிலையத்தில் ஓர் அதிகாரியிடம் நீட்டுவீர்களா? வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அளவுக்கு வெட்டலாம். எங்கள் தொழிலில் நியாயமான திருத்தம் அதோடு முடிந்தது. முகத்தில் கை வைக்கக் கூடாது.

மைப்பொட்டு விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் உடலில் தெரியும் அடையாளக் குறி என்று ஒரு கேள்வி உண்டு. கன்னத்துப் பொட்டு படத்தில் பெரிய மச்சமாகவே விழும். அழித்தால் திட்டு, விட்டால் இல்லாத மச்சம். பாட்டிமார் மனம் எனக்குப் புரியும், கண்ணேறு பயம் எங்கள் வீட்டிலும் உண்டு. உள்ளங்காலில் வையுங்கள், காதுக்குப் பின்னால் வையுங்கள், நான் தடுக்கவே மாட்டேன். கண்ணுக்குள் மை வேண்டாம் என்று டாக்டர்களும் சொல்கிறார்கள்.

இன்னொன்று, எண்ணெய்க் குளியல். போட்டோ என்றதும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். பிள்ளை வழியிலேயே தூங்கிவிடும். எழுப்பினால் அழும். நெற்றியில் எண்ணெய் மினுக்கம் வேறு. அன்றைக்கு வெறும் துணியால் துடைத்துவிட்டால் போதும். தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்டு விளையாடும் நேரம் எது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் வாருங்கள், எங்கள் நேரத்துக்கு வர வேண்டாம்.

உடை கலராக இருக்கட்டும். வெள்ளைச் சட்டையில் வந்தால் தோளும் பின்னணியும் ஒன்றாகிவிடும். தொப்பி, ஹேர்பேண்ட், வாயில் நிப்பிள் கூடாது. வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு அம்மா மடியில் வைத்து எடுக்கும் வழக்கமும் வேண்டாம். ஏதாவது ஒரு விரல் எட்டிப் பார்க்கும்.

வீட்டிலேயே எடுப்பதானால் தாராளமாக எடுங்கள். கழுத்து நிற்காத பிள்ளையை உட்கார வைக்க முயலாதீர்கள். ஜன்னல் பக்கம், வெயில் நேராக விழாத இடத்தில், சுருக்கமில்லாத வெள்ளைத் துணி விரித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், படத்தில் கண் சிவப்பாக விழும். போனை முகத்தருகே கொண்டு போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். நேர் மேலே, கை எட்டும் உயரத்தில் பிடித்து ஜூம் செய்யுங்கள். போன் நிழல் முகத்தில் விழக் கூடாது. இன்னொருவர் போனுக்குப் பக்கத்திலிருந்தே கிலுகிலுப்பையை மெல்ல ஆட்டட்டும். தலைமாட்டில் நின்று கைதட்டினால் பிள்ளை மேலே சொருகிப் பார்க்கும், படம் வீண். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், இரண்டு பக்கக் கன்னமும் சமமாகத் தெரிய வேண்டும்.

லண்டனில் இருக்கும் அக்கா சொன்னாள், கண் மூடியிருந்தாலும் பரவாயில்லையாம் என்று வாட்ஸ்அப்பைக் காட்டுகிறார்கள். ஒரு வயதுக்குக் கீழே அந்தச் சலுகை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு உண்டு. நீங்கள் எடுப்பது இந்தியப் பாஸ்போர்ட். அதேபோல அமெரிக்காவுக்கான இரண்டு அங்குலச் சதுரப் படத்தையும் இங்கே கொடுக்காதீர்கள்.

அப்புறம், பிறந்த மாதம் எடுத்த படத்தை ஆறாம் மாதம் கொண்டு போகாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் தேதி கிடைத்த பிறகு, அதற்கு முந்தின வாரம் எடுத்தால் போதும். முந்தின நாள் ராத்திரி கடை மூடும் நேரத்தில் மட்டும் ஓடி வராதீர்கள். அன்றைக்குப் பிள்ளை ஒத்துழைக்கவில்லை என்றால் மறுநாள் கூப்பிட நாள் இருக்க வேண்டும். மறுநாள் வந்து எடுப்பதற்கு எங்கள் கடையில் தனியாகக் காசு கிடையாது.