வென்ட் எந்த வீட்டுப் பிள்ளை?

அஞ்சாவது படிக்கிற அக்கா பொண்ணு இங்கிலீஷ்ல 'கோ'வுக்கு (go) இறந்தகாலம் கேட்டா பின்னாடி ஈ-டி சேர்த்து எழுதி மார்க் போயி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தா. கோவுக்கு எப்படி மாமா வென்ட் (went) வரும், ஒரு எழுத்துகூட ஒத்துப்போகலையேன்னு கேட்டா.

நியாயமான கேள்வி. வென்ட் கோவுக்குப் பொறந்ததே இல்ல, தத்து வந்தது. பெத்தது 'வெண்டு'ன்னு (wend) ஒரு பழைய இங்கிலீஷ் வினைச்சொல், அர்த்தம் 'திருப்பு'. செண்டுக்கு (send) சென்ட் (sent) மாதிரி வெண்டுக்கு வென்ட், அவ்ளோதான். திருப்புறதுங்கிறது போகப்போக 'அந்தப் பக்கம் போறது'ன்னு ஆயிடுச்சு. கோவுக்கு முன்னாடி 'ஏயோடெ'ன்னு ஒரு இறந்தகாலம் இருந்துச்சு (அதுவும் வேற வேர்ச்சொல்தான், கோ ராசி அப்படி), 1500 வாக்குல அதைத் தள்ளிட்டு வென்ட் வந்து உக்காந்துக்கிச்சு. வெண்டு பாவம், 'வெண்டட்'னு புதுசா ஒண்ணைச் செஞ்சுக்கிச்சு.

ஆனா எனக்குப் பிடிச்ச கதை இதுக்கும் முன்னாடி நடந்தது. மோட்டார் காயில் கட்டுற கடை போர்டுல 'வைண்டிங்'னு போட்டிருக்குமே, அந்த வைண்டுதான் வெண்டுக்குத் தாய். பழைய இங்கிலீஷ்ல 'விண்டன்', சுத்துறது, அதோட இறந்தகாலம் 'வண்ட்'. அந்த வண்ட்ல 'யன்' ஒட்டினா 'சுத்த வை'ன்னு அர்த்தம், நம்ம திரும்பு-திருப்பு, உருள்-உருட்டு செய்யற அதே வேலை. ஆக வண்ட்யன்.

இப்போ வாயைக் கவனிங்க. 'அ' சொல்லும்போது நாக்கு கீழ கிடக்கும், 'ய' சொல்ல முன்பக்கமா மேல ஏறணும். வேகமா பேசுறவன் நாக்கு, ய வரப்போகுதுன்னு தெரிஞ்சு, அ சொல்லும்போதே பாதி தூரம் ஏறிடும். பாதி ஏறின நாக்குல என்ன சத்தம் வரும்? எ! வெண்ட்யன். அப்புறம் அந்த ய கரைஞ்சே போச்சு, அது செஞ்ச வேலை மட்டும் நின்னுடுச்சு, வெண்டன். மேன்-மென், ஃபுட்-ஃபீட், மவுஸ்-மைஸ் எல்லாமே இதே நாக்கோட சேட்டைதான், அங்க பன்மை விகுதில ஒரு 'இ' ஒளிஞ்சிருந்துச்சு.

யார் கண்டாங்க அப்படி ஒரு ய இருந்துச்சுன்னு கேக்கலாம். கோத்திக்னு ஒரு செத்துப்போன மொழி, இங்கிலீஷுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், அதுல இந்த மாற்றம் நடக்கல. 4ஆம் நூற்றாண்டுல அதுல பைபிளை மொழிபெயர்த்தாங்க, ஊதாத் தோல்ல வெள்ளி மையால எழுதின ஒரு பிரதி இன்னைக்கும் ஸ்வீடன்ல உப்சாலாவுல இருக்கு. மறு கன்னத்தையும் திருப்பிக் காட்டுங்கிற வசனத்துல 'வண்டீ'ன்னு இருக்கு. அந்த அ அசையவே இல்ல, கடைசில நிக்கிற ஈ-தான் நம்ம ய-வோட மிச்சம்!

நாமளும் தினம் இதைத்தான் பண்றோம், தலைகீழா. இலைன்னு எழுதிட்டு எலங்கிறோம், குடத்தைக் கொடம்ங்கிறோம், பின்னாடி வர்ற ஐயும் அவும் நாக்கை முன்கூட்டியே கீழ இழுத்துடுது. இதைக் கொச்சைன்னு திட்டுறவங்களே மேன்-மென்னை மட்டும் இலக்கணம்னு மனப்பாடம் பண்ணுவாங்க, எனக்கு அதுதான் எரிச்சல். உலகத்துல எல்லா வார்த்தையும் தமிழ்ல இருந்து போச்சுன்னு ஃபார்வர்டு பண்ற நேரத்துல நம்ம வாயை நாமளே கொஞ்சம் பார்க்கலாம்.

அக்கா பொண்ணைக் கண்ணாடி முன்னாடி நிறுத்தி இலை, எலன்னு மாத்தி மாத்திச் சொல்லச் சொன்னேன். ரெண்டாவதுக்குத் தாடை லேசா இறங்குறதை அவளே கண்டுபிடிச்சா.