பிசிஓஎஸ்: பரீட்சைக்குத் தெரிந்தது நோயாளி முன்னால் தெரியவில்லை

மருத்துவம், நர்சிங், பார்மசி மாணவர்களிடம் பிசிஓஎஸ் என்ற, பெண்களுக்கு வரும் ஹார்மோன் கோளாறு பற்றிக் கேட்டால், அதைக் கண்டறிய 2003-இல் வகுத்த ரோட்டர்டாம் அளவுகோலை மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் மிகை (பரு, முகத்தில் அதிக முடி அதன் அடையாளங்கள்), ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம். மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், அதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். சரிதான்.

அப்புறம் நான் ஒரு கேள்வி போடுவேன். 17 வயதுப் பெண். முதல் மாதவிடாய் வந்து 4 வருடம் ஆகிறது. ஸ்கேனில் சினைப்பை முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, முகத்தில் பருவோ அதிக முடியோ இல்லை. இது என்ன? வகுப்பில் பாதிப்பேர் யோசிக்காமல் "பிசிஓஎஸ்" என்பார்கள்.

இல்லை. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையும் அப்படித்தான் தெரியும். அந்த வட்டங்கள் வளரும் கருமுட்டைப் பைகள், கத்தி வைத்து அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. முதல் மாதவிடாய்க்குப் பின் 8 ஆண்டுகள் வரை ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. சினைப்பையின் கருமுட்டைப் பைகள் சுரக்கும் ஏஎம்எச் ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் அந்த வயதில் உதவாது. 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வளரிளம் பெண்களுக்கு ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகை இரண்டுமே இருந்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" என்றால் பலரும் "வருது" என்று முடித்துவிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தால், அவர்கள் கணக்கில் அதுவும் ஒழுங்குதான். அதனால் தேதிகளைக் கேளுங்கள். முதல் மாதவிடாய்க்கு 3 ஆண்டுகள் கழித்து, சுழற்சி 21 நாளுக்குக் குறைந்தாலோ 35 நாளுக்கு மேல் போனாலோ, வருடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக வந்தாலோ அது ஒழுங்கின்மை. ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்றும் கேளுங்கள். மாத்திரையால் மாதாமாதம் வரும் ரத்தப்போக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது.

முகத்தில் வளரும் முடி பற்றிக் கேட்கவும் தயக்கம் வேண்டாம், ஆனால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வாராவாரம் த்ரெடிங் செய்துகொண்டு வருபவரின் முகம் உங்களுக்கு எதையும் காட்டாது.

பிசிஓஎஸ் உள்ளவர்கள் எல்லோரும் மகப்பேறு பிரிவுக்கே வருவதில்லை என்பது இன்னொரு சிக்கல். பருவுக்காகத் தோல் மருத்துவரிடம் போவார்கள், மனச்சோர்வுக்காக மனநலப் பிரிவுக்கு, கழுத்துக் கருமையை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிட்டு எங்குமே போகமாட்டார்கள். அந்தக் கருமை பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். மிகையாகும் இன்சுலின் சினைப்பையை அதிக ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. கூடவே, ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உற்பத்தி செய்யவும் காரணமாகிறது. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் பிசிஓஎஸ்-க்கும் தரப்படும்; அந்தச் சீட்டைப் பார்த்ததும் "சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்கும் பார்மசி மாணவரிடம் இதை நான் கட்டாயம் சொல்வேன்.

இந்த நிலை இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அப்படியானால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவிகளிலும் சிலருக்கு இருக்கும். "குழந்தையே பிறக்காது" என்று பக்கத்து பெஞ்சில் யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கும் மாணவி, வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து கேட்பது வழக்கம். அது பொய். கருமுட்டை வெளிவருவது தாமதமாகலாம், தவறலாம். கருமுட்டை வெளிவரச் செய்ய லெட்ரோசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பலர் மருந்தே இல்லாமலும் கருத்தரிக்கிறார்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாதக்கணக்கில் மாதவிடாய் வராமலே இருந்தால் கருப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் புற்றுநோய் அபாயம் கூடும். நீரிழிவு அபாயமும் உண்டு. பிசிஓஎஸ் என்று உறுதியான அன்றே சர்க்கரைப் பரிசோதனை செய்து, பிறகு 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். ரத்த அழுத்தம் வருடந்தோறும். கேஸ் ஷீட்டில் அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதி வைக்க, முதலாம் ஆண்டு நர்சிங் மாணவியே போதும்.