ஒத்த மரம் இல்லீங்க, இது எப்படிக் காடாகும்?

"வக்கீலம்மா, நானே போய்ப் பாத்துட்டு வந்தேனுங்க. ஒத்த மரம் கெடையாது. கொள்ளு போட்டு அறுத்த நெலம். இது எப்படிங்க காடாகும்?"

கேட்டவருக்கு அறுபது தாண்டியிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பட்டா நகல், முப்பது வருட வில்லங்கச் சான்று, பதிவு செய்த கிரய ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. காங்கேயம் பக்கம் இருந்த மானாவாரி நிலத்தை விற்றுவிட்டு, மகன் கோவையில் இருக்கிறானே என்று மேற்கே மலையடிவாரத்தில் எண்பது சென்ட் பேசி முடித்து, அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். (எல்லோரும் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள், அது வேறு கதை.) அதுவரை வாய் திறக்காமல் இருந்த அந்த அம்மா, "காட்ட வித்துட்டுத்தானே அம்மிணி இந்தக் காட்டுக்குக் காசு குடுத்தோம்" என்றார்.

அவர் சொன்ன முதல் காடு வேறு, இரண்டாவது காடு வேறு. கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "காட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றால் புலி இருக்கும் இடத்துக்குப் போகிறார் என்று பொருள் இல்லை, சோளத்துக்குக் களை எடுக்கப் போகிறார். வாய்க்கால் தண்ணீர் பாய்வது வயல், மழையை நம்பிக் கிடப்பது காடு. "காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ளும்போது அதே சொல் சுடுகாடு ஆகிவிடும். முல்லை நிலத்தைச் சொல்லும்போது அதுவே மாடு மேய்க்கும் வெளி. ஆற்காடு, ஏற்காடு, களக்காடு என்று ஊர்ப் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை இடத்தில் புழங்கும் சொல்லை, சர்க்கார் பதிவேட்டில் 'பாரஸ்ட்' என்று எழுதியிருக்கும் இடத்துக்கும் நாமே மொழிபெயர்ப்பாகப் போட்டுவிட்டோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பாரஸ்ட் என்பது பிறப்பிலேயே மரத்தைக் குறித்த சொல் அல்ல.

பழைய லத்தீனில் 'போரிஸ்' என்றால் வெளியே. அதிலிருந்து வந்தது 'போரஸ்திஸ்', அதாவது வெளியே வைக்கப்பட்டது. ஊராரின் பொதுப் புழக்கத்துக்கு வெளியே, அரசனுக்கென்று ஒதுக்கிய வேட்டை நிலம். பெரும்பாலான அகராதிகள் இந்த வேரைத்தான் சொல்கின்றன. 'பாரின்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான், பாரஸ்டுக்குப் பங்காளி. இங்கிலாந்து மக்களிடம் மரங்கள் அடர்ந்த இடத்துக்கு 'வுட்' என்று சொந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. பாரஸ்ட் என்ற சொல்லை, அதற்கென்று தனிச் சட்டத்தோடு சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் 1066-இல் நாட்டைப் பிடித்த நார்மன்கள்.

முதலாம் வில்லியம் 1079 வாக்கில் 'நியூ பாரஸ்ட்' என்று ஒரு பெரிய பரப்பை அறிவித்தார். அங்கே இன்றைக்குப் போனாலும் பாதி இடம் புதரும் புல்வெளியும்தான். எக்ஸ்மூர், டார்ட்மூர் ஆகியவையும் அரச பாரஸ்டுகள், அவை பெரும்பாலும் மரமில்லாத மேட்டு வெளிகள். எசெக்ஸ் மாவட்டம் ஒரு காலத்தில் ஏறக்குறைய முழுதுமே பாரஸ்ட் சட்டத்துக்குள் இருந்தது, ஊர், வயல் எல்லாம் சேர்த்து. 'அபாரஸ்ட்' செய்வது என்றால் அன்றைக்கு மரம் நடுவது அல்ல, ஒரு நிலத்தை பாரஸ்ட் என்று அறிவிப்பது. அறிவித்த மறுநாள் முதல் உன் வயலில் மான் மேய்ந்தாலும் நீ கல் எடுத்து அடிக்க முடியாது. ஜனங்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் 1217-இல் பாரஸ்ட் சாசனம் என்று ஒன்றை அரசனிடமிருந்து வாங்கினார்கள். புதிதாக வளைத்துப் போட்ட நிலங்களை விடுவிக்க வேண்டும், மானைக் கொன்றதற்காக யாருடைய உயிரையும் உறுப்பையும் எடுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தச் சாசனத்தில் மிச்சம் இருந்த பகுதி 1971-இல்தான் சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது.

நம் வருவாய்த் துறையின் 'புறம்போக்கு' நினைவுக்கு வருகிறதா? தீர்வைக்குப் புறம்பாகப் போட்ட நிலம். இரண்டு சொல்லுக்கும் அடியில் 'வெளியே' என்பதுதான் இருக்கிறது. நீதிமன்றத்தில் காத்திருந்த ஒரு மத்தியானத்தில் இது எனக்கு உறைத்தது. அதன் பிறகு பாரஸ்ட் என்ற சொல்லைப் பார்த்தால் பச்சையாக எதுவும் தோன்றுவதில்லை, வேலிதான் தோன்றுகிறது. 'ஜங்கிள்' இதைவிட வேடிக்கை. அது சமஸ்கிருத 'ஜாங்கல'த்தின் வழி வந்தது, அதன் பழைய பொருள் மழை குறைந்த வறண்ட நிலம். அந்தக் கணக்கில் பார்த்தால் காங்கேயத்து அம்மா விற்ற மானாவாரிக் காடுதான் அசல் ஜங்கிள்.

சரி, நிலத்துக்கு வருவோம். நம் ஊருக்கு பாரஸ்ட் வந்தது 1882-ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டத்தோடு. பிரிட்டிஷ் இந்தியாவின் பெரும்பகுதிக்கு 1878 சட்டம் இருந்தபோது மதராஸ் தனியாக ஒன்று போட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அபூர்வம், அவற்றில் ஊராருக்கு உரிமை இருக்கிறது என்று வருவாய் வாரியமே தகராறு செய்துகொண்டிருந்தது. அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடப்பில் இருக்கிறது. 4-ஆம் பிரிவில் அரசு தன் எண்ணத்தை அறிவிக்கும், உரிமை கோருபவர்களை விசாரிக்கும், 16-ஆம் பிரிவில் காப்புக்காடு என்று முடிவாக அறிவிக்கும். நடுவில் எத்தனை மரம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. எல்லை நட்டு, கெஜட்டில் வந்தால் அது காடு. வெறும் பாறையாக இருந்தாலும் காடு.

அப்புறம் 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வன நிலத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சொன்ன அந்தச் சட்டம், வனம் என்றால் என்ன என்று சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பியது கூடலூர் வழக்கு. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, தன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைப் பார்த்து 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு இரண்டு விஷயத்தைச் சொன்னது. ஒன்று, வனம் என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும். இரண்டு, யாருக்குச் சொந்தமானாலும் அரசு ஆவணத்தில் வனம் என்று பதிவாகியிருந்தால் அதுவும் வன நிலம்தான்.

ஆக ஒரு நிலம் இரண்டு வழியில் காடாகலாம். ஒன்று மரத்தால், மற்றொன்று காகிதத்தால். மரம் அடர்ந்த தனியார் நிலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, அவர்களுக்கு 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. அதன்கீழ் வரும் காட்டைச் சொந்தக்காரரே மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. ஆனால் என் மேஜைக்கு அதிகம் வருவது காகிதக் காடுதான், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

1980 சட்டத்துக்கு வந்த 2023 திருத்தம் இந்த அகராதிப் பொருளைச் சுருக்கப் பார்த்தது, 2024 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, மாநிலங்களின் வன நிலப் பட்டியல் சேரும் வரை பழைய பொருளே நிற்கட்டும் என்றது. புரோக்கர்கள் "சட்டம் மாறிடுச்சுங்க, இனி பயமில்ல" என்று சொல்வது இந்தத் திருத்தத்தை வைத்துத்தான். நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்னொன்று, செய்தியில் வரும் 'வனப்பரப்பு' கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்திய வன அளவை நிறுவனம் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரக்கவிப்பு, அதாவது மேலிருந்து பார்த்தால் மரக்கிளைகள் மூடியிருக்கும் பரப்பு, பத்து சதவீதம் இருந்தாலே வனப்பரப்பில் சேர்த்துவிடும், மாந்தோப்பு, தென்னந்தோப்பு உட்பட. செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரியும் உங்கள் தோப்பு அதனாலேயே சட்டப்படி காடாகிவிடாது. அதே படத்தில் பழுப்பாகத் தெரியும் பொட்டல் காப்புக்காடாகவும் இருக்கலாம்.

காங்கேயத்துக்காரர்களின் எண்பது சென்டில் நடந்தது இதுதான். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. இருக்கத்தான் செய்யும், அதில் வருவது பதிவான கிரயமும் அடமானமும் போன்றவை மட்டும்தான், நிலத்தின் வகைப்பாடு அதில் வராது. பட்டாவில் புஞ்சை என்றே இருந்தது, ஆனால் அது யூ.டி.ஆர். காலத்தில், அதாவது 1980-களில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது புது எண்ணோடு வந்த பதிவு. அதற்கு முந்தைய, நிலத்தை அளந்து தீர்வை போட்டபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்து, நாலாபக்கமும் பழுப்பேறிய தாளின் ஜெராக்ஸ். அந்தப் புல எண்ணுக்கு நேரே பட்டாதாரர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கடைசிக் கலத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல், பாரஸ்ட். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார். "இத யாருங்க எழுதுனது?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

அதனால் மலையோரத்தில் இடம் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன், அட்வான்ஸுக்கு முன்னால் கிராமத்து நிலங்களின் வகைப்பாட்டைச் சொல்லும் அ-பதிவேட்டு நகலும், பழைய செட்டில்மென்ட் பதிவேட்டு நகலும் வாங்குங்கள். இரண்டிலும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திப் பாருங்கள். புல வரைபடத்தில் பக்கத்துப் புலம் காப்புக்காடாக இருந்தால் சர்வேயரைக் கூட்டிப்போய் எல்லைக் கல்லைப் பாருங்கள், கல் நகர்ந்த கதைகள் நிறைய உண்டு. மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுத்துமூலமாக ஒரு மனு போட்டு, இந்தப் புல எண் எந்த அறிவிக்கையிலாவது வருகிறதா என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், வரட்டும். கோவை, தேனி, கன்னியாகுமரி போன்ற மாவட்டங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாக்கா) பட்டியலில் கிராமம் இருக்கிறதா என்பதும் தனிக் கேள்வி. ஹாக்கா கிராமம் என்பதால் நிலம் காடாகிவிடாது, ஆனால் மனை பிரிக்க அந்தக் குழுமத்தின் அனுமதி வேண்டும். "பஞ்சாயத்துல அப்ரூவல் வாங்கித் தரேன்" என்று விற்பவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அவர்களுக்கு நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பி, கொடுத்ததில் முக்கால் பங்குதான் திரும்ப வாங்க முடிந்தது. விற்றவரும் தன் அப்பா காலத்திலிருந்து அங்கே கொள்ளு போட்டவர்தான், ஏமாற்றுக்காரர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் ஒரு கையெழுத்துக்காக அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தம்பி காட்டுலதான் அம்மிணி, கடலக்காய் புடுங்கறோம். சாயங்காலம் கூப்புடட்டுமா?"